பாலத்தடியில் பதினைந்து லட்சம்

"வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்துக்குப் போனால், நீயும் தொங்கு, நானும் தொங்கு" என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. கேலியாகச் சொன்னதுதான். ஆனாலும் அதில் ஒரு பழக்கம் தெரிகிறது. ஆலமரத்திலும், பாழடைந்த பங்களாவிலும், கல்மண்டபத்திலும் அன்றாடம் வௌவாலைப் பார்த்து வளர்ந்தவர்கள் சொன்ன சொல் அது. அமெரிக்காவில் வளரும் நம் வாலிபருக்கோ வௌவால் என்றால் அக்டோபர் மாதம் கடைகளில் தொங்கும் கறுப்பு பிளாஸ்டிக் பொம்மை. இல்லாவிட்டால் கோவிட் காலத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றிய பயம்.

வேதாகமத்திலும் அதற்கு நல்ல பெயர் இல்லை என்று தோன்றலாம். லேவியராகமம் 11லும் உபாகமம் 14லும் புசிக்கக்கூடாத பறவைகளின் பட்டியலில் கடைசிப் பெயர் வௌவால். ஏசாயா 2ஆம் அதிகாரத்தில் மனுஷர் தங்கள் விக்கிரகங்களை எறிந்துவிடுவது துரிஞ்சில்களிடத்தில். துரிஞ்சில் என்பதும் வௌவாலே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லேவியராகமத்தின் பட்டியல் இஸ்ரவேலரின் சாப்பாட்டைப் பற்றியது. அந்தப் பட்டியலின் முதல் பெயர் கழுகு. கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களின் புதுப்பெலனுக்கு ஏசாயா 40ஆம் அதிகாரம் உவமையாக எடுப்பதும் கழுகைத்தான். கழுகைச் சுவரில் வசனப்படமாக மாட்டியிருக்கிறோம். வௌவாலை மட்டும் ஏன் வெறுக்கக் கற்றுக்கொண்டோம்?

இந்தக் கேள்வியை ஒரு நகரமே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அது நம் சபைக் குடும்பங்கள் பல வாழும் டெக்சாஸ் மாநிலத்தின் தலைநகரம், ஆஸ்டின்.

1980: அழைக்காமல் வந்தவர்கள்

ஆஸ்டின் நகரின் நடுவே ஓடும் கொலராடோ ஆற்றின் மேல் 1910இல் கட்டப்பட்டது காங்கிரஸ் அவென்யூ பாலம். 1980இல் அதைப் புதுப்பித்தார்கள். வெயிலில் கான்கிரீட் விரிவதற்கு இடம் வேண்டும் என்பதால் பாலத்தின் அடிப்பகுதியில் நீளமான இடைவெளிகளை விட்டார்கள். முக்கால் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை அகலம். சுமார் 16 அங்குல ஆழம். பொறியாளர்கள் யாரும் வௌவாலை நினைத்து அப்படிச் செய்யவில்லை. ஆனால் அந்த அளவும், பகலில் வாங்கிய வெப்பத்தை இரவிலும் காத்து வைக்கும் கான்கிரீட்டும், குட்டி வளர்க்க இடம் தேடிய ஒரு வௌவால் இனத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்திவிட்டன.

அந்த இனத்தின் பெயர் மெக்சிகன் ஃப்ரீ டெயில்ட் வௌவால். தோல்சவ்வுக்கு வெளியே வால் தனித்து நீண்டிருப்பதால் அந்தப் பெயர். எடை இரண்டு குவார்ட்டர் நாணயங்களின் எடைதான். மார்ச் மாதத்தில் மெக்சிகோவிலிருந்து வடக்கே பறந்து வரும். ஜூன் வாக்கில் ஒவ்வொரு தாயும் ஒரே ஒரு குட்டி ஈனும். குளிர் தொடங்கும்போது தெற்கே திரும்பும். பாலத்தடியில் தங்குபவை பெரும்பாலும் தாய்களும் குட்டிகளுமே. குட்டிகள் பறக்கத் தொடங்கும் கோடையின் பிற்பகுதியில் அங்கே ஏறத்தாழ பதினைந்து லட்சம் வௌவால்கள் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள்.

மாலையில் பாலத்தடியிலிருந்து கறுப்புப் புகைபோல அவை கிளம்பியதைக் கண்ட மக்கள் நடுங்கினார்கள். ரேபிஸ் நோயைச் சுமந்த வௌவால்கள் நகரத்தை முற்றுகையிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அவற்றை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று மனுக்களில் கையெழுத்து வாங்கப்பட்டது. எண்ணாகமம் 13இல் வேவுகாரர் பத்துப்பேர் கொண்டுவந்த துர்ச்செய்தி ஒரே இரவில் பாளயம் முழுவதையும் அழவைத்ததை நாம் ஞாயிறு பள்ளியில் படித்திருக்கிறோம். பயம் எப்போதும் அப்படித்தான் பரவும். பார்த்தவர் சிலர், கேட்டவர் பலர், கேட்டவரே அதிகமாக நடுங்குவர்.

நேரில் வந்து பார்க்கச் சொன்னவர்

மெர்லின் டட்டில் என்ற விஞ்ஞானி 1982இல் மில்வாக்கி நகரில் வௌவால்களின் பாதுகாப்புக்காக பேட் கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். டென்னசியில் பள்ளி மாணவராக இருந்தபோதே குகைகளில் வௌவால்களைக் கவனித்துக் குறிப்பெடுத்தவர் அவர். சாம்பல்நிற வௌவால்கள் இடம்பெயர்வதில்லை என்று அன்றைய புத்தகங்கள் சொல்லின. அந்தப் பையன் கண்ணால் கண்டது வேறு. பெரியவர்களிடம் தன் குறிப்புகளைக் கொண்டுபோய்க் காட்டினான். அந்தத் தேடலே பிற்பாடு அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியாயிற்று.

அவர் கண்டுகொண்ட இன்னொரு காரியம் நாம் யோசிக்கத்தக்கது. பழைய படங்களில் வௌவால்கள் எல்லாம் பல்லைக் காட்டிச் சீறின. ஏன்? பிடித்து இறுக்கி வைத்து எடுத்த படங்கள் அவை. பயந்துபோன பிராணியின் முகம்தான் அதன் சொந்த முகம் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. டட்டில் தாமே புகைப்படம் எடுக்கக் கற்றார். பொறுமையாகப் பழக்கி, அமைதியாக இருக்கும் வௌவாலை எடுத்தார். அந்தப் படங்களில் தெரிந்தது வேறொரு முகம்.

1986இல் அவர் தம் அமைப்பையே ஆஸ்டினுக்கு மாற்றிக்கொண்டு வந்தார். மக்களைத் திட்டவில்லை; உங்கள் பயம் முட்டாள்தனம் என்று ஏளனம் செய்யவுமில்லை. அதிகாரிகளிடமும் பத்திரிகையாளரிடமும் பள்ளிகளிலும் பொறுமையாகப் பேசினார். வௌவாலைக் கையால் தொடாதிருந்தால் ஆபத்து மிகமிகக் குறைவு என்றார். அவை ஒவ்வோர் இரவும் தின்னும் பூச்சிகளின் கணக்கைச் சொன்னார். அந்தப் பாலத்துக் கூட்டம் மட்டும் ஓர் இரவில் 10,000 முதல் 30,000 பவுண்டு வரை பூச்சிகளைத் தின்னும் என்பது மதிப்பீடு. எல்லாவற்றுக்கும் மேலாக, நேரில் வந்து பாருங்கள் என்றார். நாசரேத்திலிருந்து நன்மை வருமா என்று சந்தேகப்பட்ட நாத்தான்வேலிடம் பிலிப்பு செய்ததும் அதுதானே! வாதாடவில்லை, வந்து பார்க்கும்படி அழைத்தான்.

மக்கள் வந்து பார்த்தார்கள். ஒழிக்க வேண்டும் என்று கையெழுத்திட்ட நகரத்தில் இன்று ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சூரியன் மறையும் நேரத்தில் அந்தப் பாலத்தில் கூடுகிறார்கள். 1995இல் டெக்சாஸ் அரசு அந்த வௌவாலையே மாநிலத்தின் பறக்கும் பாலூட்டியாக அறிவித்தது. பாலங்கள் கட்டும்போது வௌவால்களுக்கும் இடம் விடுவது எப்படி என்று மாநிலப் போக்குவரத்துத் துறையே பின்னர் ஆராய்ந்தது. வௌவால்கள் மாறவில்லை. அதே பிராணி, அதே பாலம். மாறியது பார்த்தவர்களின் கண்.

அதற்கு முன்பும் ஒரு கதை

டெக்சாஸ் வௌவாலை அறிந்தது 1980இல் அல்ல. உள்நாட்டுப் போரின்போது குகைகளில் குவிந்த அதன் எச்சத்திலிருந்து வெடிமருந்துக்கான உப்பு எடுத்தார்கள். பிறகு அதே எச்சம் வயல்களுக்கு உரமாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சான் அன்டோனியோவில் டாக்டர் சார்லஸ் கேம்ப்பெல் என்ற மருத்துவர் இருந்தார். மலேரியா மக்களை வாட்டிய காலம். வௌவால்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தால் அவை கொசுவைத் தின்று ஊரைக் காக்கும் என்று நம்பினார். 1911இல் மிட்செல் ஏரியின் அருகே ஒரு மரக்கோபுரம் எழுப்பினார். 1914இல் சான் அன்டோனியோ நகரமும், 1917இல் டெக்சாஸ் மாநிலமும் வௌவாலைக் கொல்வதைத் தடைசெய்தன. அவருடைய முறையில் 1918இல் கம்ஃபர்ட் என்ற சிற்றூரில் கட்டிய கோபுரம் இன்றும் நிற்கிறது. அவர் நினைத்த அளவுக்கு இந்த வௌவால்கள் கொசுவைத் தின்பதில்லை என்பது பின்னால் தெரிந்தது. அவற்றின் முக்கிய உணவு அந்துப்பூச்சிகள். ஆனாலும், எல்லாரும் அருவருத்த ஒன்றில் நன்மையைத் தேடிப் பார்த்த முதல் மனிதர்களில் அவரும் ஒருவர்.

அதே மாநிலத்தின் வௌவாலை அடுத்த தலைமுறை ஆயுதமாக்கப் பார்த்தது. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும், லைட்டில் ஆடம்ஸ் என்ற பல் மருத்துவர் வெள்ளை மாளிகைக்கு ஒரு யோசனை எழுதினார். வௌவால்களின் உடலில் சிறு தீக்குண்டுகளைக் கட்டி ஜப்பானிய நகரங்களின் மேல் விட்டால், அவை மரவீடுகளின் கூரைகளில் போய் ஒடுங்கும். நகரமே தீப்பிடிக்கும் என்பது திட்டம். டெக்சாஸ் குகைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் வௌவால்களைப் பிடித்தார்கள். 1943 மே மாதத்தில் நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாடில் சோதனை செய்தபோது சில வௌவால்கள் குண்டோடு தப்பிப் பறந்து, அந்த விமானத்தளத்தின் கட்டடங்களையே எரித்துவிட்டன. ஏறத்தாழ 20 லட்சம் டாலர் செலவான பின் 1944இல் திட்டம் கைவிடப்பட்டது.

ஒரே பிராணியை ஒருவர் மருத்துவராகப் பார்த்தார். ஒருவர் குண்டாகப் பார்த்தார். ஒரு நகரம் பேயாகப் பார்த்தது. ஆதியாகமத்தில் மனுஷனுக்குக் கொடுக்கப்பட்ட ஆளுகையை நாம் எப்படிக் கையாளுகிறோம் என்பதற்கு இந்த மூன்றும் சாட்சி.

பயத்தில் உண்மை இல்லையா?

உண்டு, அதை மறைப்பது நேர்மையல்ல. இந்தியாவில் ரேபிஸ் என்றால் நாய்க்கடி. அமெரிக்காவிலோ அந்த நோயால் இறப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது வௌவாலிடமிருந்தே வருகிறது. எண்ணிக்கை மிகக் குறைவு. பெரும்பாலான ஆண்டுகளில் நாடு முழுவதிலும் ஒருவர் முதல் மூவர் வரை. ஆனால் நோய் முற்றியபின் பிழைப்பது அரிது. 2021இன் இலையுதிர்காலத்தில் இடாகோ, இல்லினாய்ஸ், டெக்சாஸ் ஆகிய மாநிலங்களில் மூன்றுபேர் வௌவாலால் வந்த ரேபிஸால் இறந்தார்கள். மூவருமே தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே ஒழுங்கு எளிது. தரையில் கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடக்கூடாது. தரையில் கிடப்பதே அது நோயுற்றிருப்பதற்கு அடையாளமாக இருக்கலாம். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவி உடனே மருத்துவரிடம் போகவேண்டும். உறங்கிக்கொண்டிருந்தவரின் அறையிலோ, குழந்தை தனியாக இருந்த அறையிலோ வௌவால் இருந்தால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் சுகாதாரத் துறையை அழைக்கவேண்டும். இவ்வளவையும் கைக்கொள்பவர் வௌவாலை வெறுக்கத் தேவையில்லை. மின்சாரத்தை நாம் வெறுப்பதில்லை. ஈரக்கையால் தொடாமல் இருக்கிறோம், அவ்வளவுதான்.

இல்லாமற்போனால் என்ன?

நியூ ஜெர்சியில் இருப்பவர்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. மாரிஸ் கவுண்டியில் ஹைபர்னியா என்ற பழைய இரும்புச் சுரங்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் ஏறத்தாழ 30,000 வௌவால்கள் அதில் உறங்கும். 2006இல் நியூயார்க் மாநிலத்தில் முதலில் காணப்பட்ட வெள்ளைமூக்கு நோய் 2009இல் அங்கே வந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்ததாகக் கருதப்படும் ஒரு பூஞ்சை அது. உறங்கும் வௌவாலின் மூக்கிலும் இறக்கையிலும் படர்ந்து, குளிர்காலத்தின் நடுவே அதை எழுப்பிவிடும். வெளியே பூச்சி இல்லை, உடலில் சேர்த்துவைத்த கொழுப்பு தீர்ந்துபோகும், பட்டினியால் சாகும். சில ஆண்டுகளில் ஹைபர்னியாவில் மிஞ்சியவை சில நூறு மட்டுமே.

போனால் போகட்டும் என்றவர்களும் உண்டு. 2024இல் சயன்ஸ் இதழில் ஏயல் ஃபிராங்க் என்ற பொருளாதார ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை அதற்குப் பதில் சொல்கிறது. இந்த நோய் வந்த கவுண்டிகளையும் வராத கவுண்டிகளையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். வௌவால் குறைந்த இடங்களில் விவசாயிகள் தெளித்த பூச்சிமருந்து சுமார் 31 சதவீதம் கூடியிருந்தது. அந்த இடங்களில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணமும் சுமார் 8 சதவீதம் கூடியிருந்தது. கூடுதலாக இறந்த குழந்தைகள் 1,334 பேர் என்பது அவருடைய கணக்கு.

இந்த எண்ணை வாசித்துவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போய்விடாதீர்கள். யாரும் கவனிக்காத இருட்டில், யாரும் நன்றி சொல்லாத ஒரு பிராணி, தொட்டிலில் கிடந்த குழந்தைகளுக்குக் காவலாக இருந்திருக்கிறது. அது போன பின்தான் அந்தக் காவல் நமக்குத் தெரிந்தது.

நம் ஊர் மலையிலும்

தேனி மாவட்டத்து மேகமலையில் 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில், சாதாரண இனம் என்று பெயர் எழுதப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 1972இல் கிட்டி தொங்லோங்யா என்ற தாய்லாந்து அறிஞர் அதை மறுபடி பார்த்தபோதுதான், உலகம் அறியாத புதிய பேரினம் என்று தெரிந்தது. பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரை அதற்கு இட்டார்கள். அதே 1972இல் வந்த இந்திய வனவிலங்குச் சட்டமோ மற்றப் பழந்தின்னி வௌவால்களை எலி, காகத்தோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அந்தப் பட்டியல் நீங்கியது. சட்டத்துக்கு ஐம்பது ஆண்டு ஆயிற்று. ஆனால் ஊரிலுள்ள வௌவால் மரங்களுக்காகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிக்காத கிராமங்கள் தமிழ்நாட்டில் முன்பிருந்தே உண்டு. படித்தவர்களின் பட்டியலில் இல்லாத இடம் அந்த மக்களின் மனதில் இருந்தது.

நாம் செய்யக்கூடியது

மனம் மாறினால் கையும் மாறும் என்பதற்கு டெக்சாஸிலேயே இரண்டு சாட்சிகள். சான் அன்டோனியோவுக்கு வடக்கே உள்ள பிராக்கன் குகையில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வௌவால்கள் கோடையில் தங்குகின்றன. அதன் பக்கத்தில் சுமார் 3,500 வீடுகள் கட்டும் திட்டம் வந்தபோது, நகராட்சியும் பாதுகாப்பு அமைப்புகளும் சேர்ந்து 2014இல் 1,521 ஏக்கர் நிலத்தை 2 கோடியே 5 லட்சம் டாலர் கொடுத்து வாங்கி அதைக் காத்தன. 2017இல் ஹார்வி புயலின் வெள்ளம் ஹூஸ்டனின் வாஃக் டிரைவ் பாலத்தை எட்டியபோது, தண்ணீரில் தத்தளித்த வௌவால்களைச் சிலர் வலைகளால் அள்ளி மீட்டார்கள். தங்கள் வீடுகளே மூழ்கிக்கொண்டிருந்த நகரத்தின் மக்கள் அவர்கள்.

நம் பங்கு அவ்வளவு பெரிதாக இருக்கவேண்டியதில்லை. ஆஸ்டின், ஹூஸ்டன் வாலிபர் கூட்டங்கள் ஜூலை, ஆகஸ்டில் ஒரு மாலை ஜெபத்தைப் பாலத்தருகே வைத்துக்கொள்ளலாம். வளைகுடாப் பகுதியினர் சாக்ரமெண்டோ போகும் 80ஆம் நெடுஞ்சாலையில் யோலோ காஸ்வேயின் அடியில் வாழும் சுமார் இரண்டரை லட்சம் வௌவால்களைப் பார்த்து வரலாம். நியூ ஜெர்சியில் வீடு வைத்திருப்பவர்கள் வெயில்படும் சுவரில், குறைந்தது 12 அடி உயரத்தில், ஒரு வௌவால் பெட்டி மாட்டலாம். வீட்டின் பரணிலோ ஆலயத்தின் கூரையிலோ வௌவால் குடியேறிவிட்டால், கோடையின் நடுவே ஓட்டையை அடைக்காதீர்கள். பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளே சிக்கி மடியும். அவை கிளம்பும் காலம்வரை பொறுத்து, விவரம் தெரிந்தவரைக் கொண்டு வெளியேறும் வழி வைத்து அடையுங்கள்.

சங்கீதம் 104ஐ ஒருமுறை இரவில் வாசித்துப் பாருங்கள். தேவன் இருளை வரப்பண்ணுகிறார். மனுஷன் வீடு திரும்பும் நேரத்தில் காட்டு ஜீவன்கள் நடமாடத் தொடங்குகின்றன. அவையும் தேவனிடத்திலேயே ஆகாரம் தேடுகின்றன. பகல் நமக்கு, இரவு அவற்றுக்கு என்று இரண்டு ஷிஃப்ட் வைத்த எஜமான் ஒருவரே. பாலத்தடியில் ஒரு சதுர அடியில் சில நூறு குட்டிகள் நெருக்கியடித்துத் தொங்கும். இரவெல்லாம் இரைதேடித் திரும்பும் தாய், அந்த நூறுகளின் நடுவே தன் குட்டியின் குரலையும் மணத்தையும் கொண்டு அதைக் கண்டுபிடித்துப் பால் கொடுக்கிறது. அந்த அறிவை அதற்குக் கொடுத்தவர், தாம் உண்டாக்கிய எல்லாவற்றையும் பார்த்து மிகவும் நன்றாயிருக்கக் கண்டவர். அந்த எல்லாவற்றிலும் வௌவாலும் உண்டு.